படுக்கையறை டிவிக்குத் தேவை கருமை

டிவி வாங்கப் போகிறவர் கடையில் நின்றுகொண்டு பார்க்கிறார். கூரை முழுக்க விளக்குகள் எரியும் கூடம், சுவரை அடைத்துக்கொண்டு வரிசை வரிசையாகத் திரைகள், மூன்றடி தூரம். வாங்கி வந்த டிவியை அவர் படுக்கையறையில் பார்ப்பதோ படுத்துக்கொண்டு, விளக்கை அணைத்துவிட்டு, எட்டடிக்கு அப்பாலிருந்து. பொருள் ஒன்றுதான். ஆனால் இந்த இரண்டு இடங்களிலும் கண் வேலை செய்யும் விதம் வேறு, திரையின் மேல் விழும் ஒளி வேறு. கடையில் ஒரு டிவியைப் பக்கத்து டிவியைவிட உயர்வாகக் காட்டுகிற குணங்களில் பெரும்பாலானவை படுக்கையறையில் பயனற்றுப் போகின்றன; சில தொந்தரவாகவே மாறுகின்றன. கடையில் கண்ணுக்கே தெரியாத ஒரு குணம்தான் இருட்டறையில் படத்தின் தரத்தைத் தீர்மானிக்கிறது: கறுப்பைக் காட்ட வேண்டிய இடத்தில் திரை எவ்வளவு கறுப்பாக இருக்கிறது என்பது. ஹாலுக்கு டிவி வாங்கும் முறையைப் படுக்கையறைக்கும் அப்படியே பின்பற்றக் கூடாது என்று நான் சொல்வதற்கு இதுவே முதல் காரணம்.

சென்னையிலோ மதுரையிலோ சாதாரணமாகக் காணப்படும் அடுக்ககப் படுக்கையறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். பத்துக்குப் பன்னிரண்டு அடி. கட்டிலின் தலைமாடு ஒரு சுவரை ஒட்டியும் டிவி பத்தடி தள்ளி எதிர்ச்சுவரிலும் இருந்தால், தலையணையில் சாய்ந்திருப்பவரின் கண்ணுக்கும் திரைக்கும் நடுவே ஏறக்குறைய இரண்டரை மீட்டர் இருக்கும். கீழே வரும் கணக்குகள் இந்த அறைக்கும் 43 அங்குலத் திரைக்கும் போட்டவை. உங்கள் அறை வேறு அளவானால் டேப்பை எடுத்து அளந்து எண்களை மாற்றிக்கொள்ளலாம்; முடிவு பெரிதாக மாறாது.

திரையின் ஒளிர்வை நிட் என்ற அலகால் அளக்கிறார்கள். ஒரு திரை காட்டும் வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள விகிதமே கான்ட்ராஸ்ட். இரண்டு டிவிகளை எடுத்துக்கொள்வோம். இரண்டும் 400 நிட் வெள்ளை காட்டுகின்றன. முதலாவதின் விகிதம் 1000-க்கு 1, ஆகவே அதன் கறுப்பு 0.4 நிட். இரண்டாவதின் விகிதம் 4000-க்கு 1, கறுப்பு 0.1 நிட். இப்போது கடை விளக்குகளை எரிய விடுவோம். திரையின் மேல் 500 லக்ஸ் வெளிச்சம் விழுகிறது, அதில் 2 விழுக்காட்டைத் திரை எல்லாத் திசைகளிலும் சிதறடித்துத் திருப்பி அனுப்புகிறது என்று வைத்துக்கொண்டால், அந்தப் பிரதிபலிப்பு மட்டுமே 3.2 நிட் ஆகிவிடும். அது வெள்ளையோடும் சேரும், கறுப்போடும் சேரும். 0.4 நிட்டாக இருந்த கறுப்பு 3.6 ஆகிறது, 0.1 நிட்டாக இருந்தது 3.3 ஆகிறது. விகிதங்கள் முறையே 112, 122. நான்கு மடங்கு தரவேறுபாடு உள்ள இரண்டு திரைகள் கடை வெளிச்சத்தில் பத்து விழுக்காட்டுக்குள் வந்து நின்றுவிடுகின்றன. கண்ணால் பார்த்து இவற்றைப் பிரித்தறிய முடியாது. விலையும் பேரும் சொல்வதை நம்ப வேண்டியதுதான். வீட்டில் விளக்கை அணைத்ததும் பிரதிபலிப்பு மறைகிறது, 1000-உம் 4000-உம் திரும்ப வந்துவிடுகின்றன. ஒன்றில் இரவுக்காட்சி இரவாகத் தெரியும். மற்றதில் சாம்பல் நிறப் பலகை ஒன்று சுவரில் மிதப்பதுபோல் தெரியும்.

இதோடு கண்ணும் தன் பங்குக்கு ஒன்றைச் செய்கிறது. வெளிச்சத்தில் இரண்டு மில்லிமீட்டருக்குச் சுருங்கும் கண்மணி, இருட்டில் ஏழெட்டு மில்லிமீட்டர்வரை விரிகிறது. விழித்திரைக்குள் போகும் ஒளி பத்து மடங்குக்குமேல் கூடுகிறது. விழித்திரையின் செல்களும் நிமிடத்துக்கு நிமிடம் கூருணர்ச்சி பெறுகின்றன. முழுமையாக இருட்டுக்குப் பழக அரைமணி நேரம் பிடிக்கும். வெளிச்சத்தில் கண்டுகொள்ளாமல் விட்ட 0.1 நிட் சாம்பலை அந்தக் கண் இருட்டில் தெளிவாகப் பார்க்கிறது. அது மட்டுமல்ல. ஒரு பரப்பு கறுப்பா இல்லையா என்பதைக் கண் தனியாக முடிவு செய்வதில்லை. சுற்றிலும் இருப்பதோடு ஒப்பிட்டே முடிவு செய்கிறது. சுற்றுப்புறம் வெளிச்சமாக இருந்தால் திரையின் சாம்பலும் கறுப்பாகத் தோன்றும். சுற்றுப்புறம் இருண்டால் அதே சாம்பல் வெளுத்துத் தோன்றும், படத்தின் அழுத்தமே குறைந்ததுபோல் இருக்கும். பார்ட்லசன், பிரென்மன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1967-இல் இதை அளந்து காட்டினார்கள். அவர்கள் பெயரிலேயே இந்த விளைவு வழங்குகிறது. ஆக, விளக்கை அணைக்கும்போது திரையின் குறைகளை மறைத்துவந்த பிரதிபலிப்பு போகிறது, கண்ணின் கூர்மை ஏறுகிறது, ஒப்பீடும் திரைக்கு எதிராகத் திரும்புகிறது. மூன்றும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. மட்டமான கறுப்பு இருட்டில் இவ்வளவு உறுத்துவதற்கு இதுதான் காரணம்.

இந்தக் குறை பழைய பெட்டி டிவியில் இல்லை. 2006 முதல் தமிழ்நாட்டு அரசு வீடுவீடாக இலவசமாகக் கொடுத்த 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சியைப் பாயில் படுத்துப் பார்த்தவர்கள், இரவுக்காட்சி வெளிறுவதாகவோ பக்கவாட்டில் நிறம் மாறுவதாகவோ குறைபட்டிருக்க மாட்டார்கள். எலக்ட்ரான் கற்றை படும் இடத்தில் மட்டும் பாஸ்பர் பூச்சு தானாக ஒளிரும், படாத இடம் ஒளிராது. ஒளிரும் இடமும் எல்லாத் திசைகளுக்கும் ஒன்றுபோல் ஒளியை அனுப்பும். சாதாரணத் தட்டைத் திரையின் அமைப்பு இதற்கு நேர்மாறு. அதன் பின்னால் எல்இடி விளக்குகள் எப்போதும் எரிந்துகொண்டிருக்கின்றன. முன்னால் உள்ள திரவப் படிக அடுக்கு அந்த ஒளியை ஓரிடத்தில் விடுகிறது, ஓரிடத்தில் தடுக்கிறது. திரவப் படிகம் என்ற விந்தைப் பொருளை பிராக் நகரில் இருந்த தாவரவியலாளர் ஃபிரீட்ரிக் ரெய்னிட்சர் 1888-இல் முதலில் கவனித்தார். திரவம்போல் ஓடும், ஆனால் மூலக்கூறுகள் படிகம்போல் ஒரே திசை பார்த்து நிற்கும். மின்னழுத்தம் கொடுத்தால் அந்தத் திசை மாறும். அதன் வழியே போகும் ஒளியின் அதிர்வுத் தளமும் மாறும். எதிரெதிராக வைத்த இரண்டு முனைவாக்கிகளுக்கு நடுவே இந்த அடுக்கை வைத்தால், ஒவ்வொரு புள்ளியிலும் ஒளியைக் கூட்டலாம், குறைக்கலாம். முழுவதுமாக அடைக்க மட்டும் முடியாது. மூடிய கதவின் இடுக்கில் வெளிச்சம் வருவதுபோல், கறுப்பு என்று திரை சொல்லும் இடத்திலும் பின்னொளி கொஞ்சம் கசிந்துகொண்டே இருக்கும்.

கசிவு எவ்வளவு என்பதை அந்தப் படிகங்கள் நிற்கும் விதமே தீர்மானிக்கிறது. இன்று விற்கும் டிவிகளில் முக்கியமாக இரண்டு வகை. ஐபிஎஸ் என்ற வகையில் மூலக்கூறுகள் கண்ணாடிக்கு இணையாகப் படுத்தபடியே சுழல்கின்றன. எந்தக் கோணத்திலிருந்து பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாது. ஆனால் கசிவு கூடுதல், விகிதம் பெரும்பாலும் ஆயிரத்தை ஒட்டியே நிற்கும். விஏ என்ற வகையில் மின்னழுத்தம் இல்லாதபோது மூலக்கூறுகள் கண்ணாடிக்குச் செங்குத்தாக நிற்கின்றன. அந்த நிலையில் முனைவாக்கிகள் ஒளியை நன்றாக அடைக்கின்றன. விகிதம் மூவாயிரம், ஐயாயிரம் என்று ஏறும். பதிலுக்கு, பக்கவாட்டில் நகர்ந்தால் படம் வெளுக்கும். டிவியின் விவரப் பட்டியலில் வகையைப் பெரும்பாலும் சொல்ல மாட்டார்கள். ஆனால் நிலையான கான்ட்ராஸ்ட் என்று ஓர் எண் இருந்தால் அது காட்டிக்கொடுத்துவிடும்: 1000, 1200 என்றால் ஐபிஎஸ், 3000-க்குமேல் என்றால் விஏ. டைனமிக் கான்ட்ராஸ்ட் என்று லட்சக்கணக்கில் போட்டிருக்கும் எண்ணைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. பின்னொளியை ஏற்றி இறக்கிக் கணக்கிடுவது அது. ஒரே வரிசையில் 43 அங்குலத்தில் ஒரு வகைப் பேனலும் 50 அங்குலத்தில் வேறு வகையும் வருவது உண்டு என்பதால், வாங்கப்போகும் அளவின் விவரத்தையே பார்க்க வேண்டும்.

இங்கே விற்பனையாளர் குறுக்கிடுவார். ஐபிஎஸ்தான் சார் நல்லது, எங்கிருந்து பார்த்தாலும் ஒரே மாதிரி தெரியும் என்று சொல்லி, உங்களைப் பக்கவாட்டுக்கு அழைத்துப்போய்க் காட்டுவார். அவர் சொல்வது உண்மை. அந்த உண்மை ஹாலுக்கு உதவும். சோபா, நாற்காலி, சமையலறை வாசல் என்று ஆட்கள் சிதறி உட்காருகிற இடம் அது. படுக்கையறைக் கட்டிலில் இருவர் படுத்தால் ஒவ்வொருவரும் திரையின் நடுக்கோட்டிலிருந்து நாற்பது சென்டிமீட்டர் விலகியிருப்பார்கள். இரண்டரை மீட்டர் தூரத்தில் அது 9 பாகைதான். அந்தச் சிறு கோணத்தில் விஏ திரை வெளுப்பது கண்ணுக்குத் தெரியாது. வீட்டிலேயே பார்வைக்கோணம் மிகக் குறுகலான இடம் கட்டில்தான். அங்கே கோணத்துக்காகக் கறுப்பை விட்டுக்கொடுப்பது தேவையில்லாத இழப்பு. விதிவிலக்கு உண்டு. டிவி பக்கச் சுவரில் இருந்தாலோ, அறை மூலையில் இருந்தாலோ, பிள்ளைகள் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் பார்ப்பார்கள் என்றாலோ கோணம் 25, 30 பாகைக்குப் போய்விடும். அந்த வீட்டுக்கு ஐபிஎஸ் சரிதான். ஆனால் அதற்குமுன், டிவியைக் கட்டிலுக்கு நேர் எதிரே கொண்டுவர வழியுண்டா என்று பாருங்கள்.

இவ்வளவு கறுப்பு வேண்டுமென்றால் ஓலெட் வாங்கிவிடலாமே என்பது நியாயமான கேள்வி. ஈஸ்ட்மன் கோடாக்கில் சிங் டாங்கும் ஸ்டீவன் வான் ஸ்லைக்கும் 1987-இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வளர்ந்த நுட்பம் இது. ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும், தானே அணையும். பின்னொளி இல்லை, கசிவும் இல்லை. பெட்டி டிவியின் நற்குணம் தட்டைத் திரையில் திரும்ப வந்திருக்கிறது என்று சொல்லலாம். வெயில் புகும் ஹாலில் ஓலெட்டின் மேன்மை பாதி வீணாகும். இருட்டறைதான் அதற்கு உரிய இடம். பணம் இருந்தால் அதையே வாங்குங்கள். தடை இரண்டு. விலை ஒன்று. மற்றது, அசையாமல் நிற்கும் பிம்பம் நாளடைவில் திரையில் தடம் பதிப்பது. செய்தி சேனலின் இலச்சினையும் அடியில் ஓடும் பட்டையும் நாளெல்லாம் திரையில் இருக்கும் வீட்டில் அந்த ஆபத்து நிஜமானது. இரவில் இரண்டு மணி நேரம் படம் பார்ப்பவர் அஞ்ச வேண்டியதில்லை. பெரும்பாலான குடும்பங்களுக்குச் செலவோடு ஒத்துப்போகும் விடை, நல்ல கான்ட்ராஸ்ட் உள்ள விஏ திரைதான். பின்னொளி விளக்குகள் ஓரத்தில் மட்டும் இல்லாமல் திரைக்கு நேர் பின்னால் பரவியிருந்தால் இன்னும் நல்லது. ஓரவிளக்கு டிவிகளில் இருட்டுக்காட்சியின்போது விளிம்புகளில் வெளிறிய திட்டுகள் தெரியும்.

அளவுக்கும் துல்லியத்துக்கும் அதிக இடம் தேவையில்லை, கணக்கு நேரானது. 6/6 பார்வை உள்ள கண்ணால் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கைப் பிரித்துப் பார்க்க முடியும். ஹெர்மன் ஸ்னெல்லன் 1862-இல் கண் பரிசோதனை அட்டையை வடிவமைத்தது இந்த அளவை வைத்துத்தான். 43 அங்குலத் திரையின் அகலம் 95 சென்டிமீட்டர். ஃபுல் எச்டியில் அதன் குறுக்கே 1920 புள்ளிகள். ஒரு புள்ளி அரை மில்லிமீட்டர். 1.7 மீட்டருக்கு அப்பால் போனால் அந்தப் புள்ளிகள் தனித்தனியாகத் தெரியாது. 4கே திரையின் முழு நுணுக்கத்தையும் காண 85 சென்டிமீட்டர் தூரத்தில் உட்கார வேண்டும். நாம் படுத்திருப்பது இரண்டரை மீட்டரில். இந்த அளவில் புதிதாக வரும் டிவிகளில் பெரும்பாலானவை 4கேயாகவே இருப்பதால் அதை ஒதுக்க வேண்டியதில்லை. அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்கவும் வேண்டியதில்லை. அந்தப் பணம் கான்ட்ராஸ்டுக்குப் போகட்டும். அளவைப் பொறுத்தவரை, இரண்டரை மீட்டரில் 43 அங்குலம் கண்ணில் 22 பாகை அகலம் பிடிக்கும். 55 அங்குலம் 27 பாகை. திரையரங்க உணர்வுக்கு 30 பாகை வேண்டும் என்ற பரிந்துரை உண்டு. முழுப்படத்தை ஒன்றிப் பார்ப்பவர் 55-க்குப் போகலாம், மற்றவர்களுக்கு 43 தாராளம். 32 அங்குலத்துக்குமேல் 28 விழுக்காடாக இருந்த ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆகிவிட்டதால், சிறியதற்கும் பெரியதற்கும் இப்போது வரியில் வேறுபாடில்லை.

வெளிச்சத்தைக் குறைத்துப் பேசுகிறீர்களே, எச்டிஆர் படங்களுக்கு ஆயிரம் நிட் வேண்டாமா என்று விவரமறிந்தவர்கள் கேட்கக்கூடும். எச்டிஆரின் சிறப்பு படம் முழுவதும் பளீரென்று இருப்பதில் இல்லை. காட்சியின் பெரும்பகுதி சாதாரண ஒளிர்விலேயே இருக்க, தீப்பொறி, நீரில் தெறிக்கும் வெயில், விளக்குச்சுடர் என்று சிறுசிறு இடங்கள் மட்டும் எகிறி ஒளிர்வதில் இருக்கிறது. அந்த எகிறலை உணர்வதற்குப் பக்கத்தில் நல்ல கறுப்பு வேண்டும். குறைந்த விலை 43 அங்குல டிவிகளில் எச்டிஆர் என்று ஒட்டியிருக்கும் வில்லை, அந்த வகைச் சமிக்ஞையை டிவி வாங்கிக்கொள்ளும் என்பதை மட்டுமே சொல்கிறது. 300 நிட்டும் ஆயிரத்துக்கு ஒன்று கான்ட்ராஸ்டும் உள்ள பேனலால் அதை உள்ளபடி காட்ட முடியாது. பகலில் பார்க்க வெளிச்சம் வேண்டுமே என்றால், படுக்கையறை ஜன்னலுக்குக் கனமான திரைச்சீலை போடுவது, கூடுதல் நிட்டுக்குக் காசு கொடுப்பதைவிட மலிவு.

அதிக வெளிச்சம் படத்தை மட்டும் கெடுப்பதில்லை, தூக்கத்தையும் தொடுகிறது. விழித்திரையில் பார்வைக்கான செல்களைத் தவிர வேறொரு வகைச் செல்லும் இருக்கிறது. அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பெர்சனும் குழுவினரும் அது ஒளியை நேரடியாக உணர்வதை 2002-இல் காட்டினார்கள். மெலனாப்சின் என்ற நிறமி கொண்ட இந்தச் செல்கள் படம் பார்ப்பதற்கு அல்ல. இது பகலா இரவா என்று மூளைக்குச் சொல்வதற்கு. 480 நானோமீட்டரை ஒட்டிய நீல ஒளிக்கு இவை மிகுதியாகத் தூண்டப்படும். தூண்டப்பட்டால் இரவில் சுரக்க வேண்டிய மெலட்டோனின் குறையும். தட்டைத் திரைகளின் பின்னொளியில் பெரும்பாலும் இருப்பது நீல எல்இடிதான். அகசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014-இல் நோபல் பரிசு பெற்றுத்தந்த அதே விளக்கு. பாஸ்டனில் 12 பேரை வைத்து நடத்தி 2014 இறுதியில் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், படுக்கும்முன் நான்கு மணி நேரம் முழு வெளிச்சத்தில் மின்னூல் கருவியில் படித்தவர்களுக்கு, அச்சுப் புத்தகம் படித்த நாட்களைவிடத் தூக்கம் வர ஏறக்குறைய 10 நிமிடம் கூடுதலாகப் பிடித்தது. மெலட்டோனினும் பாதிக்குமேல் குறைந்தது. அவர்கள் கண்ணில் விழுந்தது சுமார் 30 லக்ஸ்.

படுக்கையறை டிவி கண்ணில் எவ்வளவு ஒளியைக் கொட்டுகிறது? 43 அங்குலத் திரையின் பரப்பு அரை சதுர மீட்டர். முழுத்திரையும் 100 நிட் வெள்ளையாக இருந்தால், இரண்டரை மீட்டரில் கண்ணுக்கு 8 லக்ஸ் வரும். சினிமாக் காட்சியின் சராசரி பெரும்பாலும் முழுவெள்ளையில் கால் பங்குக்குள் அடங்கும் என்பதால் நிஜத்தில் 2 லக்ஸ்தான். தூக்கத்துக்கு முந்தைய மூன்று மணி நேரத்தில் கண்ணில் விழும் ஒளி, அந்த நீல உணர்ச்சியைக் கணக்கிலெடுத்த அலகில், 10 லக்ஸைத் தாண்டக் கூடாது என்று உலக அளவிலான ஆய்வாளர் குழு ஒன்று 2022-இல் பரிந்துரைத்தது. 100 நிட்டில் வைத்த டிவி அந்த வரம்புக்குள் நன்றாகவே அடங்குகிறது. அதே டிவியைக் கடையில் இருந்தபடி விவிட் அமைப்பில் 300 நிட்டில் விட்டால், வெள்ளைத்திரைக்கு 24 லக்ஸ்; பகல்நேர கிரிக்கெட் ஆட்டம் ஓடினால் வரம்பை எளிதில் தொட்டுவிடும். அந்த அமைப்பு நீலத்தையும் கூட்டுவதால் இன்னும் ஏறும். படத்துக்கு எது நல்லதோ அதுவே தூக்கத்துக்கும் நல்லதாக இருப்பது இந்த விஷயத்தில் நமக்கு வாய்த்த நன்மை.

அப்படியானால் படுக்கையறையில் டிவியே வேண்டாம் என்று சொல்லிவிடலாமே என்று கேட்பவர்களை நான் மதிக்கிறேன். குழந்தைகள் தனியாகத் தூங்கும் அறையைப் பொறுத்தவரை அவர்கள் சொல்வதே சரி. அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் சங்கமும் குழந்தைகளின் படுக்கையறையில் திரை கூடாது என்றே சொல்கிறது. பெரியவர்களின் அறையை அப்படி ஒரே அடியில் ஒதுக்க முடியவில்லை. நம் ஊரில் ஏசி இருக்கும் ஒரே அறை பல வீடுகளில் படுக்கையறைதான்; மே மாத இரவில் குடும்பமே அங்கேதான் இருக்கிறது. முதுகுவலியோடும் முடக்கத்தோடும் படுத்திருக்கும் பெரியவர்களுக்கு அந்த டிவிதான் துணை. டிவியை வெளியேற்றினால் அந்த இடத்துக்குக் கைபேசி வரும் என்பதையும் நினைக்க வேண்டும். ஒரே ஒளிர்வில் வைத்தால், ஓரடி தூரத்தில் பிடித்த கைபேசி எட்டடி தூரத்து டிவியைவிடச் சுமார் ஒன்றரை மடங்கு ஒளியைக் கண்ணில் போடுகிறது. வெளிச்சத்தைவிடப் பெரிய ஆபத்து, அடுத்த பகுதி தானாக ஓடத் தொடங்குவதும் மணி பன்னிரண்டைத் தாண்டுவதும்தான். தானாக அணையும் ஸ்லீப் டைமர் ஏறக்குறைய எல்லா டிவியிலும் இருக்கிறது. அதைப் பயன்படுத்துகிறவர்கள் குறைவு என்பது வருத்தத்துக்குரியது.

மாட்டுவதற்கு வருவோம். கிளாம்ப் அடிக்க வருபவர் சுவரருகே நின்று, "இந்த உயரம் போதுமா சார்?" என்று கேட்பார். நீங்களும் நின்றபடியே தலையாட்டிவிடுவீர்கள். தவறு அங்கேதான் நடக்கிறது. கண்மட்டத்துக்கு நேராகத் திரையின் நடு இருக்க வேண்டும் என்ற விதி சோபாவில் நிமிர்ந்து உட்காருபவருக்கானது. படுக்கையில் இரண்டு தலையணைமேல் சாய்ந்தவரின் கண் தரையிலிருந்து 80 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். முகமே சற்று மேல்நோக்கித் திரும்பியிருக்கும், கழுத்தைத் தலையணை தாங்கும். திரையின் நடு 140 சென்டிமீட்டரில் இருந்தால் பார்வை 13 பாகை மேல்நோக்கிப் போகும். அது இயல்பான கோணம். நீட்டிய கால்களும் படத்தை மறைக்காது. ஆனால் அந்த 13 பாகைக்குத் திரையும் கீழ்நோக்கிச் சாய வேண்டும். இல்லாவிட்டால் விஏ திரையை நீங்கள் கீழிருந்து பார்ப்பீர்கள், கறுப்பு வெளுக்கும். வாங்கிய நன்மையின் ஒரு பகுதி போய்விடும். ஆகவே சுவரோடு ஒட்டி நிற்கும் கிளாம்ப் வேண்டாம், சாய்க்கக்கூடிய கிளாம்ப் கேளுங்கள். அவர் வருவதற்கு முந்தின இரவு, பழைய நாளிதழ்களை ஒட்டி 95-க்கு 54 சென்டிமீட்டரில் ஒரு செவ்வகம் செய்து, சுவரில் டேப் போட்டு ஒட்டி, வழக்கமாகப் படுக்கும் விதத்தில் படுத்துப் பாருங்கள். ஏற்றி இறக்கிச் சரியான இடத்தில் பென்சிலால் குறித்துவிடுங்கள். பிளக் பாயின்ட் அந்த உயரத்தில் இருக்கிறதா, மேலே ஏசி இருந்து நீர் சொட்ட வாய்ப்புண்டா, சுவர் செங்கல்லா, இலகு பிளாக்கா, வெறும் ஜிப்சம் தடுப்பா என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ளலாம். ஜிப்சம் தடுப்பானால் பின்னால் பிளைவுட் வைக்காமல் மாட்டக் கூடாது.

விடிவிளக்கு எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். கட்டில் தலைமாட்டில் எரிந்தால் அது திரையில் கண்ணாடிபோல் பிரதிபலிக்கும். அதை டிவிக்குப் பின்னால், சுவரைப் பார்த்து ஒளிரும்படி வைத்துவிட்டால் பிரதிபலிப்பு போவதோடு, மேலே சொன்ன ஒப்பீட்டு விளைவும் நமக்குச் சாதகமாகத் திரும்பும். சுற்றிலும் மங்கலான ஒளி இருப்பதால் திரையின் சாம்பல் கறுப்பாகத் தோன்றும், கண்ணும் சோர்வடையாது. படத்தொகுப்பு அறைகளில் இதற்கு 6500 கெல்வின் வெள்ளை விளக்கு வைப்பது வழக்கம். நிறம் துல்லியமாகத் தெரிய அதுதான் சரி. ஆனால் தூங்கப்போகும் அறையில் நிறத்துல்லியத்தைவிடத் தூக்கம் பெரிது என்பது என் கருத்து. மஞ்சள் ஒளியே போதும். ஒலியைப் பற்றி ஒன்று மட்டும்: மெல்லிய டிவிகளின் ஸ்பீக்கர் பெரும்பாலும் கீழ்நோக்கியே இருக்கும், மின்விசிறிச் சத்தம் அதை அமுக்கும். சத்தத்தைக் கூட்டுவதைவிட, பேச்சைத் தெளிவாக்கும் அமைப்பைத் தேர்ந்தெடுப்பதே பக்கத்து அறையில் தூங்குபவர்களுக்கும் நல்லது.

ஏற்கெனவே டிவி வாங்கி மாட்டியாகிவிட்டது என்பவர்களும் கையைப் பிசைய வேண்டாம். எந்த டிவியானாலும் இன்றிரவே விவிட் அமைப்பிலிருந்து சினிமா அல்லது ஃபிலிம்மேக்கர் அமைப்புக்கு மாற்றுங்கள். பின்னொளியைப் பாதிக்குக் கீழே இறக்குங்கள். விகிதம் மாறாமல் கறுப்பும் சேர்ந்து கீழே இறங்கும்; ஒளிர்வு கால் பங்கானால் 0.4 நிட்டாக இருந்தது 0.1 ஆகும். பல டிவிகளில் பிரைட்னஸ் என்ற பெயரில் இருப்பது கறுப்பின் மட்டத்தை மாற்றுவது. அதைத் தொடாமல் பேக்லைட் என்றிருப்பதைக் குறையுங்கள். நிற வெப்பநிலையை வார்ம் என்று வையுங்கள். ஷார்ப்னஸைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். அது நுணுக்கத்தைக் கூட்டுவதில்லை, விளிம்புகளில் பொய்க்கோடு போடுகிறது. அசைவை மென்மையாக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். நொடிக்கு 24 சட்டங்களாக எடுத்த சினிமாவை அது சீரியல்போல் ஆக்கிவிடும். முதல் பத்து நிமிடம் படம் மங்கலாகவும் மஞ்சளாகவும் தெரியும். உடனே பழையபடி மாற்றிவிடாதீர்கள். விளக்கை அணைத்துவிட்டு ஒரு முழுப்படம் பார்த்து முடியுங்கள், அதற்குப் பிறகு முடிவு செய்யுங்கள்.